தோலின் ஓரமும் பாலாற்றின் கரையும்

வாணியம்பாடி டேனரிகளில் பதமாகி, சாயம் ஏறி, பளபளப்பு பெற்ற தோல், கட்டாகும் முன் கடைசியாக ஒரு மெஷினுக்குள் நுழைந்து வெளிவரும். அளவை மெஷின். பழைய பின்வீல் வகையில் வரிசையாகச் சக்கரங்கள் இருக்கும். ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் உள்ளே அமுங்கக்கூடிய ஊசிகள். ஒருவர் தோலின் கழுத்துப் பக்கத்தை விரித்துப் பிடித்து உள்ளே விடுவார், எதிர்ப்பக்கம் நிற்பவர் வாங்கிக்கொள்வார். தோல் பட்ட இடத்தில் ஊசி அமுங்கும். தோல் இல்லாத இடத்தில், அதாவது காலுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள வளைவிலோ கத்தி பட்டுக் கிழிந்த ஓட்டையிலோ, ஊசி அப்படியே நிற்கும். அமுங்கிய ஊசிகளின் கணக்கைப் பற்சக்கரங்கள் கூட்டி, மேலே வட்டத்தட்டில் முள்ளாகக் காட்டும். அந்த எண்ணைத் தோலின் உட்புறத்தில் எழுதிவிடுவார்கள். 6 என்று எழுதி அதன் தோளில் சிறிதாக 2 என்று போட்டிருந்தால் ஆறரைச் சதுர அடி. சிறிய எண் கால் கால் அடியாகக் கணக்கு. இப்போது பல இடங்களில் ஊசிக்குப் பதில் ஒளி உணரிகள் வந்துவிட்டன. எழுதும் முறை மாறவில்லை.

இந்தத் தொழிலில் ஒரு தோலின் சுற்றளவை யாரும் கேட்பதில்லை. விற்பவரும் கேட்பதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல முடியாமல் தொழிலே நின்றிருக்கும்.

ஓர் ஆட்டுத் தோலை மேசைமேல் விரித்து, ஓர் அடி நீளமுள்ள மரக்கோலை ஓரத்தில் மாற்றி மாற்றி வைத்துச் சுற்றிவந்தால் ஓர் அளவு கிடைக்கும். அதே ஓரத்தை ஓர் அங்குலக் குச்சியால் அளந்தால், கோல் தாண்டிப்போன நெளிவுகளுக்குள்ளும் குச்சி நுழைந்து வெளிவரும், அளவு கூடும். நூலைப் பதித்து அளந்தால் இன்னும் கூடும். உரிக்கும் கத்தி விட்டுச்சென்ற பிசிறுகளை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத் தொடர்ந்தால் மேலும் கூடும். பரப்பு அப்படியல்ல. நுணுக்கமாக அளக்க அளக்க, ஓரிடத்தில் கூடுவது வேறோரிடத்தில் குறைந்து, எண் ஒரு மதிப்பில் வந்து நின்றுவிடும். கால் அடிக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று பேரம் பேசலாமே தவிர, ஆறரை அடித் தோல் பதிமூன்று அடியாகிவிடாது. ஸ்வீடன் நாட்டுக் கணித அறிஞர் ஹெல்கே வான் காக் 1904இல் இதன் எல்லையைக் காட்டினார். ஒரு முக்கோணத்தின் பக்கங்களில் சிறு முக்கோணங்கள், அவற்றின் பக்கங்களில் இன்னும் சிறியவை என்று முடிவின்றி வளர்த்தால், உள்ளே அடங்கும் பரப்பு முதல் முக்கோணத்தைப்போல ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டி நின்றுவிடும். ஓரத்தின் நீளத்துக்கோ முடிவே கிடையாது.

பரப்பையும் ஓரத்தையும் பிணைக்கும் பழங்கதை ஒன்றும் தோலைப் பற்றியதுதான். டைடோ என்ற அரசி வட ஆப்பிரிக்கக் கரையில் இறங்கி, ஒரு மாட்டுத் தோல் சூழும் அளவு நிலம் போதும் என்று கேட்டாள். சம்மதம் கிடைத்ததும் தோலை மெல்லிய வாராக அறுத்து ஒரு குன்றையே வளைத்துக் கார்த்தேஜ் நகரத்தை நிறுவினாள் என்பது ரோமானியர் சொல்லிவந்த கதை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 சதுர அடி மாட்டுத் தோலை அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு அகலத்துக்கு வாராக அறுத்தால் 3,000 அடி நீளம் வரும். அதை வட்டமாகப் போட்டால் 16 ஏக்கருக்கு மேல் அடங்கும். வார் இன்னும் மெல்லியதானால் நிலம் இன்னும் பெரியது. கதையின் உயிர் அந்த அகலத்தில் இருக்கிறது. அதை முன்கூட்டிப் பேசி முடிக்காததுதான் நிலம் கொடுத்தவர்கள் செய்த பிழை.

வாணியம்பாடித் தோலும் எப்போதும் சதுர அடியில் விற்கப்பட்டதல்ல. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுக் குழியில் ஊறவைத்துப் பதனிட்ட தோல், ஈஸ்ட் இந்தியா கிப்ஸ் என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போன காலத்தில், விலை எடைக்குத்தான். பவுண்டுக்கு இவ்வளவு என்று ஏலம். எடைக்கு விற்கும்போது தோலின் வடிவம் எப்படி இருந்தாலும் கவலையில்லை. தராசு ஓரத்தைப் பார்ப்பதில்லை. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்ஸ் மேற்பகுதிக்கு இந்தத் தோல் பெருமளவில் வாங்கப்பட்டது. குரோம் பதனிடுதலை ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் சென்னையில் சோதித்துப் பார்க்கத் தொடங்கியிருந்தாலும், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரம் நெடுங்காலம் பட்டைத் தோலையே நம்பியிருந்தது.

மாற்றம் எழுபதுகளில் வந்தது. சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1973இல் பச்சைத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. அரைப்பதத் தோலுக்கும் கட்டுப்பாடு வந்தது. முழுதாக முடித்த தோலாகவும், செருப்பின் மேல்பாகமாகவும், செருப்பாகவும் அனுப்பினால்தான் வியாபாரம் என்ற நிலை. முடித்த தோலை எடைக்கு வாங்க யாரும் இல்லை. செருப்பு வெட்டுபவருக்கு வேண்டியது பரப்பு. தராசு இருந்த இடத்துக்கு அளவை மெஷின் வந்தது. அதோடு புதிய தகராறுகளும் வந்தன. ஈரம் இருக்கும்போதே ஓரங்களைக் கிளிப் மாட்டி இழுத்துக் காயவைத்தால் பரப்பு கூடும். காய்ந்து கப்பலேறி வேறு நாட்டில் இறங்கியபின் சற்றே சுருங்கும். ஆம்பூரில் எழுதிய எண்ணும் இத்தாலியில் எழுதிய எண்ணும் ஒத்துப்போகாது. அதனால்தான் தோலின் பரப்பை அளப்பதற்கென்றே சர்வதேசத் தர விதிகள் இருக்கின்றன: ஐ.எஸ்.ஓ. 11646 ஒன்று, மின்னணு முறைக்கான ஐ.எஸ்.ஓ. 19076 இன்னொன்று. சுற்றளவுக்கு அப்படி ஒரு விதி எழுத எவரும் முனையவில்லை.

நிலத்திலும் இதே அறிவு நெடுங்காலமாக இருந்தது. வாணியம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் உதயேந்திரத்தின் பெயர் கல்வெட்டு ஆய்வாளர்களுக்கு நன்கு தெரிந்தது. எட்டாம் நூற்றாண்டுப் பல்லவ அரசன் நந்திவர்ம பல்லவமல்லன், தன் படைத்தலைவன் உதயசந்திரனின் வேண்டுகோளின்படி ஒரு கிராமத்தை உதயசந்திரமங்கலம் என்று பெயர் மாற்றி 108 பிராமணர்களுக்குக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடு அந்த ஊரிலிருந்து கிடைத்தது. கிராமத்தின் எல்லைகளைத் திசை திசையாக அது சொல்கிறது. ஆறு, குளம், மலை என்று கண்ணால் பார்த்துக் காலால் போய்ச் சேரக்கூடிய அடையாளங்கள். எல்லையின் நீளம் எத்தனை கோல் என்ற பேச்சே அதில் இல்லை.

சோழர் காலத்தில் இந்தப் பழக்கம் முழு வடிவம் பெற்றது. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்ததைச் சொல்லும் பெரிய லெய்டன் செப்பேடுகளில், பெண் யானையை நடக்கவிட்டு எல்லையைச் சுற்றிவந்து, கல்லும் கள்ளியும் நட்ட செய்தி வருகிறது. எந்த வாய்க்காலுக்குக் கிழக்கு, எந்த ஊர் நிலத்துக்கு வடக்கு என்று எல்லை விவரம் பத்தி பத்தியாக நீள்கிறது. நிலத்தின் பரப்போ 97 வேலியும் அதற்கு மேல் மாவும் காணியும் முந்திரியுமாக, கற்பனைக்கு எட்டாத சிறு பின்னம் வரை இறங்குகிறது. ஒரே ஆவணத்தில் இரண்டு விதமான கவனம். பரப்புக்கு எண். ஓரத்துக்கு நடை, சாட்சி, கல், கள்ளி. ராஜராஜன் காலத்து நில அளவையைப் பாராட்டுகிறவர்கள் அந்தப் பின்னங்களைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எதை எண்ணாமல் விட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததும் அதே அளவு பாராட்டுக்குரியது.

பிறகு சங்கிலி வந்தது. 66 அடி, 100 கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். சென்னை மாகாணத்து வருவாய் நில அளவை இந்தச் சங்கிலியோடு ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் புலப்படம் வரைந்தது. புலப்படம் போடும் முறையைக் கவனித்தால், நில அளவையர் வளைந்த ஓரத்தை நேராகத் தொடவே மாட்டார் என்பது தெரியும். இரண்டு கல்லுக்கு நடுவே நேர்கோடு ஒன்று இழுப்பார். அந்தக் கோட்டின் மேல் நடந்து, ஓரம் எங்கே வளைகிறதோ அங்கே செங்குத்தாகப் பக்க அளவு எடுப்பார். முக்கோணமும் சரிவகமுமாகப் பிரித்துப் பரப்பைக் கூட்டுவார். ஓடைக்கரை ஒரு பக்கமாக இருந்தால், எந்த வளைவுக்குப் பக்க அளவு எடுப்பது, எதை விட்டுவிடுவது என்பது அவர் கண்ணும் அனுபவமும் முடிவு செய்வது. இரண்டு பேர் இரண்டு விதமாக எடுத்தாலும் சென்ட் கணக்கில் பெரிய வேறுபாடு வராது. ஓரத்தின் நீளத்தை இருவரிடமும் கேட்டால்தான் வேறுபாடு வெளிப்படும். பட்டாவில் அந்த நீளத்துக்குக் கட்டமே கிடையாது என்பதால் யாரும் கேட்கவில்லை.

நேர்கோட்டை அளப்பதே பெரும்பாடாக இருந்த காலம் அது. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10ஆம் தேதி பரங்கிமலை அருகே தன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். 12 கிலோமீட்டர் நீளம்தான். எஃகுச் சங்கிலி வெயிலில் நீளாமல் நிழலில் வைத்து, வெப்பமானி பார்த்து, திருத்தம் போட்டு, வாரக்கணக்கில் வேலை நடந்தது. அதன்பின் மலையுச்சிக்கு மலையுச்சி பார்வைக்கோடு போட்டு முக்கோணங்களாக மேற்கே மைசூர் வழியாகத் தீபகற்பத்தைக் குறுக்காகக் கடந்தார். ஒரு துணைக்கண்டத்தையே அளந்த அந்தப் பணியில் ஆற்றங்கரையோ கடற்கரையோ சங்கிலி போட்டு நீளம் பார்க்கப்படவில்லை.

இயற்கை எல்லையின் நீளத்தை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொண்டவர் ஆங்கிலேயர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். 1881இல் நியூகாசிலில் பிறந்தவர், வானிலை ஆய்வாளர், போரை ஏற்காத குவேக்கர் சமயத்தவர். முதல் உலகப் போரில் துப்பாக்கி எடுக்க மறுத்து பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். போருக்குப்பின், பிரிட்டிஷ் வானிலைத் துறை விமானப்படை அமைச்சகத்தின் கீழ் போனதும் வேலையை விட்டார். நாடுகள் ஏன் சண்டையிடுகின்றன என்பதைக் கணக்கால் அறியப் பிற்கால வாழ்க்கையைச் செலவிட்டார். இரண்டு நாடுகளுக்குப் பொது எல்லை எவ்வளவு நீளமோ அவ்வளவு சண்டைக்கு வாய்ப்பா என்று பார்க்க நினைத்து, எல்லை நீளங்களைத் திரட்டினார். ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே உள்ள எல்லை ஒரு கணக்கில் 987 கிலோமீட்டர், இன்னொரு கணக்கில் 1,214. நெதர்லாந்து, பெல்ஜியம் எல்லை 380 ஓரிடத்தில், 449 வேறோரிடத்தில். யாரும் பொய் சொல்லவில்லை. வரைபடத்தின் மேல் கவராயத்தை விரித்து நடத்திப் பார்த்தவர், கவராயத்தின் கால் அகலம் குறையக் குறைய நீளம் கூடிக்கொண்டே போவதைக் கண்டார். 1953இல் அவர் இறந்தார். இந்தக் கண்டுபிடிப்பு 1961இல்தான் அச்சேறியது.

பெனுவா மாண்டெல்பிராட் 1967இல் ‘சயின்ஸ்’ இதழில் பிரிட்டனின் கடற்கரை நீளம் என்ன என்று கேட்டுக் கட்டுரை எழுதி அதை உலகறியச் செய்தார். எல்லா ஓரமும் ஒரே வேகத்தில் நீள்வதில்லை என்பதை ரிச்சர்ட்சனின் எண்களே காட்டின. பிரிட்டனின் மேற்குக் கரைக்கு அளவுகோலைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் நீளம் ஏறக்குறைய 19 சதவீதம் கூடுகிறது. வழவழப்பான தென்னாப்பிரிக்கக் கரைக்கு ஒன்றரை சதவீதம்கூட ஏறுவதில்லை. ஆகவே ஒரு கரைக்கு ஒரே ஒரு நீளத்தைச் சொல்லும்போது, எந்த அளவுகோலால் என்ற தகவலும் சேர்ந்தே வந்தாக வேண்டும்.

பள்ளிப் புத்தகத்தில் அது சேர்ந்து வரவில்லை. இந்தியக் கடற்கரை 7,516.6 கிலோமீட்டர் என்று தலைமுறைகள் மனப்பாடம் செய்தன. அந்த எண் 1970களில், 45 லட்சத்தில் ஒரு பங்கு அளவுள்ள வரைபடத்திலிருந்து எடுக்கப்பட்டது. அந்தப் படத்தில் ஒரு மில்லிமீட்டர், தரையில் நான்கரைக் கிலோமீட்டர். பழவேற்காட்டு முகத்துவாரம் போன்ற ஓர் இடம் பேனா முனைக்குள் மறைந்துவிடும். பிறகு தேசிய நீர்ப்பரப்பு வரைவு அலுவலகமும் இந்திய நில அளவைத் துறையும் இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு அளவுள்ள படங்களை வைத்துத் திரும்ப அளந்தன. உள்துறை அமைச்சகத்தின் 2023-24 ஆண்டறிக்கையில் புது எண் வந்தது: 11,098.81 கிலோமீட்டர். பழையதைவிட 48 சதவீதம் அதிகம்.

மாநில வாரியாகப் பார்த்தால் ரிச்சர்ட்சன் சொன்னது கண்ணெதிரே நிற்கிறது. நேராக ஓடும் கேரளக் கரை 569.7இலிருந்து சுமார் 600 ஆனது, ஐந்து சதவீதம்தான். கட்ச் வளைகுடாவும் காம்பே வளைகுடாவும் குடைந்த குஜராத் 1,214.7இலிருந்து 2,340.62 ஆனது. சுந்தரவனத்துக் கழிமுகங்கள் கொண்ட மேற்கு வங்கம் 157.5இலிருந்து 721.02க்குத் தாவியது. தமிழ்நாடு 906.9இலிருந்து 1,068.69. பழைய கணக்கில் இரண்டாம் இடத்தில் இருந்த ஆந்திரம் இப்போது 1,053.07உடன் தமிழ்நாட்டுக்குப் பின்னே போய்விட்டது. கடல் ஓர் அடிகூட விட்டுக்கொடுக்காமல், ஒரு பிடி மணல்கூடச் சேராமல், வரிசை மாறியது. இதைக் கேட்டு வியந்தவர்கள் உண்டு, கேலி செய்தவர்களும் உண்டு. இரண்டும் தேவையில்லை. பழைய எண் தவறு, புது எண் சரி என்று சொல்வதும் பொருந்தாது. இரண்டும் தத்தம் அளவுகோலுக்குச் சரியானவை. இன்னும் நுணுக்கமான படத்தில் அளந்தால் இந்தப் பதினோராயிரமும் மாறும்.

இந்தச் சிக்கலைத் தெரிந்தவர்கள் நாடுகளின் எல்லையைப் பேசும்போது நேர்கோட்டிடம் திரும்பிவிடுவார்கள். பாக் நீரிணையில் 1974இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தம் கரையின் நெளிவைப் பின்பற்றவில்லை. ஆறு புள்ளிகளைக் கொடுத்து அவற்றை இணைத்துவிட்டது. அந்தக் கோட்டின் அரசியல் நியாயம் தனி வழக்கு. அளவைக்காரரின் கண்ணோட்டத்தில் அது குழப்பமற்ற கோடு.

பாலாறு அப்படி விட்டுக்கொடுப்பதில்லை. ஆற்றின் மொத்த நீளம் 348 கிலோமீட்டர், கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 என்பது செய்தித்தாளிலும் மேடையிலும் மாறாமல் வரும் கணக்கு. வாணியம்பாடிப் பாலத்தில் நின்று பார்ப்பவருக்கு ஒரு சந்தேகம் எழுவது இயல்பு: எந்தக் கோட்டின் நீளம்? ஆண்டின் பெரும்பகுதி அங்கே மணலும் சீமைக்கருவேலமும்தான். மழை வந்தால் இரண்டு மூன்று ஓடைகளாகப் பிரிந்து நெளிந்து ஓடும் தண்ணீர், அடுத்த மழையில் வேறு தடம் பிடிக்கும். நடுக்கோட்டைப் பிடித்தால் ஒரு நீளம், தண்ணீர்த் தடத்தைப் பிடித்தால் அதைவிடக் கூடுதல், இடது கரைக்கு ஒன்று, வலது கரைக்கு இன்னொன்று. கரை என்பதே எது? 1903 நவம்பர் 12ஆம் தேதி, மைசூர் சமஸ்தானத்துப் பக்கம் ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடிக்குள் புகுந்து ஏறக்குறைய 200 பேரைக் கொண்டுபோனது. அன்று ஆற்றின் கரை ஊருக்குள்ளே இருந்தது.

மனிதர் போட்ட எல்லைகளும் இந்த ஆற்றைச் சுற்றி இடம் மாறிக்கொண்டே இருந்தன. நூறாண்டுக்கு முன்பு வரை வாணியம்பாடி, திருப்பத்தூர் தாலுகாவோடு சேர்ந்து சேலம் மாவட்டத்து ஊர். 1911இல் வடஆற்காட்டுக்கு வந்தது. 1989இல் வடஆற்காடு பிரிந்தது, பிறகு வேலூர் மாவட்டம், 2019 நவம்பரிலிருந்து திருப்பத்தூர் மாவட்டம். மேற்கே சில மைல் தள்ளி ஆந்திர எல்லை. அந்த எல்லையை ஒட்டிய புல்லூரில், கனகநாச்சியம்மன் கோயில் அருகே, ஆந்திர அரசு கட்டிய தடுப்பணையின் உயரம் 2016இல் ஐந்து அடியிலிருந்து பன்னிரண்டு அடியானது. 1892இல் சென்னை மாகாணமும் மைசூரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பாலாறும் இருக்கிறது என்பது தமிழ்நாட்டின் வாதம். உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் இருக்கிறது. அங்கே நீளம் பேசப்படுவது ஒரு காரணத்துக்காகத்தான்: 33 கிலோமீட்டர் ஓடும் மாநிலம் இத்தனை தடுப்பணை கட்டலாமா என்ற கேள்வி. ஆற்றின் மேல் ஒருவருக்குள்ள உரிமையை, அவர் மண்ணில் அந்த ஆறு ஓடும் நீளத்தால் நிறுவப் பார்ப்பது பலவீனமான வாதம். கீழே இருப்பவருக்கு வர வேண்டிய தண்ணீரைப் பேசுவதே வலுவானது.

ஓரத்தை அளக்காமல் தப்பிக்க முடியாத ஓர் இடமும் இந்த வட்டாரத்தில் உண்டு. அதை உண்டாக்கியதும் தோல்தான். பட்டைக் குழி போய் குரோம் டிரம் வந்தபின், டேனரிக் கழிவு பாலாற்று மணலுக்குள்ளும் ஏரிக்குள்ளும் இறங்கியது. கிணற்றுத் தண்ணீர் உப்பானது. தென்னை காய்ப்பை நிறுத்தியது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் அது முக்கியமானது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்று ஒரு மதிப்பீட்டை அது எடுத்துக்காட்டியது. இதுவும் பரப்புதான். ஈடு கொடுக்கும் நேரம் வந்ததும் பரப்பு போதவில்லை; யார் கோட்டுக்கு உள்ளே, யார் வெளியே என்று சொல்லியாக வேண்டும்.

நிலத்தடியில் பரவிய உப்புக்குக் கரை கிடையாது. கல் நட முடியாது, யானை சுற்றிவர முடியாது. தீர்ப்பையொட்டி அமைந்த சூழலிழப்பு ஆணையம் 2001 மார்ச் 7ஆம் தேதி அளித்த முடிவில், 186 கிராமங்களில் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டோராக அடையாளம் கண்டு, 547 தொழிற்சாலைகளிடமிருந்து சுமார் 26.82 கோடி ரூபாய் ஈட்டை நிர்ணயித்தது. கோடு போட அதற்குக் கிடைத்த அலகு கிராமமும் அதற்குள் நிலமும். பல்லவர் செப்பேட்டிலிருந்து தொடர்ந்து வரும் அதே அலகு. மண்ணுக்கு அடியில் தண்ணீர் அந்த அலகுக்குக் கட்டுப்படாது. ஒரு சர்வே எண்ணில் உள்ள கிணறு கெட்டிருக்க, வரப்புக்கு அந்தப் பக்கத்துக் கிணறு இன்னும் ஓராண்டு இனிக்கலாம். மறு ஆண்டு கெடலாம். ஈடு கணக்கிடப்பட்டது 1998 இறுதி வரை. மாசின் ஓரம் அந்தத் தேதியோடு நிற்கவில்லை.

2025 ஜனவரி 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்தப் பிரச்சினைக்குத் திரும்ப வந்தது. ஈடு கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்தில் கொடுக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துத் தணிக்கை செய்யவும், நடைமுறையைத் தானே தொடர்ந்து கண்காணிக்கவும் உத்தரவிட்டது. குழு வேலையைத் தொடங்கும்போது அதன் முன் நிற்பது ரிச்சர்ட்சனின் கவராயம்தான். கிலோமீட்டருக்கு ஒரு கிணறு வீதம் தண்ணீர் மாதிரி எடுத்தால் மாசின் எல்லை வழவழப்பாக, சுருக்கமாக வரும். நடுவே கெட்டுப்போன எத்தனையோ கிணறுகள் நல்ல கிணறுகளாக எழுதப்பட்டுவிடும். நூறு மீட்டருக்கு ஒன்று எடுத்தால் எல்லை நெளியும், நீளும், செலவு ஏறும், பெயர்ப்பட்டியலும் மாறும். உள்ளே வருகிற ஒவ்வொரு நெளிவும் ஒரு குடும்பம். எந்த இடைவெளியில், எந்த ஆழத்தில், எந்த மாதத்தில் மாதிரி எடுக்கப்பட்டது என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டு, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி, தன் கிணறு ஏன் விடுபட்டது என்று கேட்க வரும் விவசாயிக்கு இரண்டாம் முறை தண்ணீர் எடுத்துப் பார்க்கும் உரிமையும் கொடுக்க வேண்டும்.